ஐந்தரை மணி நேர விமானம்

துபாயிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானம் எவ்வளவு நேரத்தில் வரும் என்று அந்தக் காலத்தில் அருப்புக்கோட்டையில் யாரைக் கேட்டாலும் ஐந்தரை மணி நேரம் என்பார்கள். திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்குப் போக? இரண்டரை மணி நேரம். அதே விமானம், அதே வானம், அதே இரண்டு ஊர். போனால் இரண்டரை, வந்தால் ஐந்தரை. இதில் என்ன அதிசயம் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார்கள். எனக்குத்தான் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

பந்தல்குடி ரோட்டில் என் வீட்டுக்காரர் சுப்புராஜின் பலசரக்குக் கடையை ஒட்டி நான் டெலிபோன் பூத் வைத்திருந்தேன். தொண்ணூற்றொன்றில் ஆரம்பித்தது. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, காத்திருக்கிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. துபாய், சவுதி என்று போன ஆட்கள் ஊருக்குப் பேச வேண்டுமென்றால் என் நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள். “சரஸ்வதியக்கா, எங்க வீட்ல சொல்லுங்க, பத்து நிமிசத்துல திருப்பி அடிக்கேன்” என்பார்கள். நான் ஆளனுப்பி வீட்டாரை வரவழைப்பேன். அவர்கள் கூண்டுக்குள் நின்று அழுவதும் சிரிப்பதும் சண்டை போடுவதும் எனக்குக் கேட்கும். கேட்காதது போல இருப்பேன்.

ஆனால் லீவில் வந்த ஆள் யாராவது பூத்துக்குள் காலை வைத்தால் விடமாட்டேன். “எத்தன மணிக்கு ஏறுனீக? எத்தன மணிக்கு எறங்குனீக?” இதுதான் என் முதல் கேள்வி.

“ஒனக்கு என்ன கிறுக்கா? மனுசன் ரெண்டு வருசங் கழிச்சு வந்திருக்கான். நல்லா இருக்கீகளான்னு கேப்பியா, அத விட்டுட்டு மணி கேக்குற” என்று சுப்புராஜ் கடையிலிருந்தே சத்தம் போடுவார்.

அவருக்கு என்ன தெரியும். கேள்வி ஒன்று மண்டைக்குள் நுழைந்துவிட்டால் பதில் வருகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். விமானத்தை நான் கிட்டத்தில் பார்த்ததே கிடையாது. மல்லாங்கிணற்றுப் பக்கம் கரிசல்காட்டில் நிற்கும்போது உச்சியில் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகும், அதைப் பார்த்ததோடு சரி. அதற்குள் எங்கள் ஊர் ஆட்கள் உட்கார்ந்து போகிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம். அதனால் அவர்கள் சொன்னதையெல்லாம் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி ஆணியில் குத்தி வைத்தேன். ஒரு வருஷத்தில் இருபத்து மூன்று தாள் சேர்ந்தது. எல்லாத் தாளும் ஒரே கதையைத்தான் சொன்னது. போக இரண்டரை, வர ஐந்தரை.

இதற்கு ஊரில் ஒரு விளக்கமும் இருந்தது. லாரி டிரைவர் பால்பாண்டி, எதிர்த்த கடையில் டீ குடிக்க வந்தவர், ஒரு நாள் எனக்குப் பாடமே நடத்திவிட்டார்.

“இதுல என்னக்கா இருக்கு? தூத்துக்குடிக்கு நான் வெறும் வண்டியா போனா ரெண்டு மணி நேரம். உப்பு லோடோட வந்தா மூணரை. பிளேனும் வண்டிதான? போகும்போது இவனுக ஆளுக்கு ஒரு பையோட போறானுக. வரும்போது டேப் ரிக்கார்டு, கம்பளி, தைல டப்பா, பெரிய பெரிய பெட்டின்னு அம்புட்டையும் ஏத்திட்டு வாரானுக. லோடு வண்டி மெதுவாத்தான் வரும்.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். லீவில் வந்தவர்களும் சேர்ந்து தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் அது தொண்டையில் இறங்கவில்லை. உப்பு ஏற்றினால் இரண்டு மூன்றரை ஆகிறது, சரி. கம்பளி ஏற்றினால் இரண்டரை ஐந்தரை ஆகுமா? உப்பை விடவா கம்பளி கனம்?

இந்த முடிச்சை அவிழ்த்தது ஹபீப் ரகுமான். சாக்குக் கடை சீனி ராவுத்தரின் ஒரே மகன். துபாயில் ஏசி மெக்கானிக். தொண்ணூற்றிரண்டில் லீவில் வந்தவனை வழக்கம்போல மடக்கினேன். அவன் யோசிக்கவே இல்லை.

“போகும்போது நாலே கால் மணி நேரம்க்கா. வரும்போது மூணே முக்கால்.”

“வெளையாடாத தம்பி. ஊரே அஞ்சரைங்குது.”

“என் வாச்சு அப்பிடித்தான் காட்டுச்சு” என்று கையை நீட்டினான். தடித்த கைக்கடிகாரம். அதை அவன் துபாயிலும் நம் ஊர் மணிக்கே வைத்திருப்பானாம். போன நாளிலிருந்து முள்ளைத் திருப்பியதே கிடையாதாம். “அத்தா இப்ப பள்ளிவாசலுக்குக் கெளம்பிருப்பாக, அம்மா இப்ப ஒல வச்சிருப்பாகன்னு பாத்த ஒடனே தெரியணும்லக்கா” என்றான். அவர்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்பார்கள்.

அது மட்டுமில்லை. விமானத்தில் முன் இருக்கையின் பைக்குள் செருகியிருந்த புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கொண்டுவந்திருந்தான். அதில் ஒரு படம். கடலுக்கு மேலே வளைந்து வளைந்து சிவப்புக் கோடுகள். பக்கத்தில் எந்த விமான நிலையத்திலிருந்து எதற்கு எத்தனை கிலோமீட்டர் என்று சின்ன எழுத்தில் அட்டவணை. துபாயிலிருந்து திருவனந்தபுரம் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. விமானம் மணிக்கு எண்ணூற்றைம்பது கிலோமீட்டர் பறக்கும் என்றும் அதிலேயே போட்டிருந்தது. அன்றைய நாள்காட்டித் தாளைத் தேதி முடிவதற்கு முன்னாலேயே கிழித்துக் கணக்குப் போட்டேன். மூன்றரை மணி நேரம் வந்தது. மேலே ஏற, கீழே இறங்க கொஞ்சம் சேர்த்தால் நாலு.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மற்றவர்கள் துபாயில் ஏறும்போது அந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். திருவனந்தபுரத்தில் இறங்கியதும் இந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். நம் மணி அவர்கள் மணியை விட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வரும்போது அந்த ஒன்றரை கூடுகிறது, போகும்போது கழிகிறது. ஐந்தரையில் ஒன்றரை போனால் நாலு. இரண்டரையோடு ஒன்றரை சேர்ந்தால் நாலு. இருபத்து மூன்று தாளையும் எடுத்து ஒவ்வொன்றாகக் கழித்துக் கூட்டிப் பார்த்தேன். எல்லாம் நாலுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பக்கத்துக் கடைக்குப் போய் சுப்புராஜிடம் சொன்னேன். “அதுக்கு இப்ப என்ன?” என்றார் அவர். பால்பாண்டியோ, லோடு ஏற்றிய வண்டி வெறும் வண்டியை விட வேகமாக வரும் என்று சொல்லும் பொம்பளையிடம் இனிமேல் பேசுவதற்கில்லை என்று டீ கிளாசோடு அந்தப் பக்கம் போய்விட்டார். ஊர் ஐந்தரையிலேயே நின்றது. நானும் விட்டுவிட்டேன்.

தொண்ணூற்று நாலு வைகாசியில் ஒரு சாயங்காலம் சீனி ராவுத்தர் கடையில் சாக்கு எண்ணிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. துபாய்க்குத் தகவல் போனது என் பூத்திலிருந்துதான். ஹபீப்பின் முதலாளி வீட்டு நம்பர். நானே பேசினேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் பூத்தைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஹபீப். ஏர்போர்ட்டிலிருந்து.

“அக்கா, டிக்கெட்டு கெடச்சிருச்சு. அஞ்சு மணி பிளைட்டு. உள்ள போகப் போறேன். அத்தாவ வச்சிருக்கச் சொல்லுங்கக்கா. நான் வந்து மொகம் பாக்கணும். ஒரு தடவ பாத்தாப் போதும்…” அதற்குள் அவன் போட்ட காசு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது. எத்தனை மணிக்கு இறங்குவான் என்று அவன் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. அங்கே அப்போது மணி நாலைத் தாண்டியிருந்தது.

பெருக்குமாற்றைப் போட்டுவிட்டு ராவுத்தர் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் துணிப் பந்தல் போட்டு நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத் இருந்தார். அவர் பக்கத்தில் ராவுத்தரின் மருமகன் முஸாஃபர். ராவுத்தருடைய மகள் ஜன்னத்தைக் கட்டியவர். மல்லாங்கிணற்றுக்காரர். அவரும் துபாயில் ஏழு வருஷமாக இருக்கிறார். லீவில் வந்திருந்த நேரம் இது. முப்பத்தைந்து வயசுக்குள்தான், ஆனால் நிதானமான ஆள். அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

நான் செய்தியைச் சொன்னேன். ஹஜ்ரத் முஸாஃபரைப் பார்த்தார். “மக்ரிபுக்கு முந்தி வந்துருவாகன்னா வச்சிருக்கலாம் மாப்ள. ராத்திரிக்கு இழுக்க வேணாம். வெயிலு இந்தப் போடு போடுது. வர முடியாதுன்னா லொஹர் தொழுத கையோட எடுத்துறலாம். இப்பவே சொல்லிட்டா திருச்சுழி, பந்தல்குடி ஆளுகளுக்குச் சொல்லி அனுப்பிருவோம்.” லொஹர் என்பது மதியத் தொழுகை. மக்ரிப் பொழுது அடைந்ததும். அந்த மாதத்தில் ஆறு முப்பத்தைந்து.

முஸாஃபர் விரல் விட்டு எண்ணினார். “அஞ்சு மணிக்குக் கெளம்புது. பிளைட்டு அஞ்சர மணி நேரம். பத்தர. நம்ம நேரம் ஒன்றர மணி நேரம் கூட. பன்னெண்டு. கஸ்டம்ஸ் முடிச்சு வெளிய வர ஒரு மணி நேரம். அங்கிருந்து காரு, எப்படி வெரட்டுனாலும் ஆறர மணி நேரம். ராத்திரி ஏழரைக்கு முந்தி வர வழியே இல்ல ஹஜ்ரத். லொஹருக்கே எடுத்துருவோம்.”

எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். ஒருவர் எழுந்து குழி வெட்ட ஆள் சொல்லக் கிளம்பினார்.

“அந்த அஞ்சரைக்குள்ளயே ஒன்றர இருக்கு தம்பி” என்றேன். என் சத்தம் எனக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. “பிளேனு பறக்குறது நாலு மணி நேரந்தான். நீங்க அந்த ஒன்றரைய ரெண்டாவது தடவையா கூட்டுறீக. பத்தரைக்கு எறங்கிருவாப்ல, நம்ம மணிக்குப் பத்தரை. ஆறு மணிக்கு இங்க வந்துருவாப்ல.”

ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். முஸாஃபர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் கேட்டார்.

“அக்கா, நான் நாலு தடவ போய் வந்திருக்கேன். நீங்க ஏரோப்பிளேன கிட்டக்கப் பாத்திருக்கீகளா?”

“இல்ல.”

“பெறகு? வரும்போது அஞ்சர மணி நேரம். போகும்போது ரெண்டர. ஊருக்கே தெரியும். இந்தக் கணக்க நான் ராப்பகலா போட்டுப் பாத்தவன்க்கா. வர முடியாது.”

“போகும்போது ரெண்டரைன்னா பிளேனு அப்ப ரெண்டு மடங்கு வேகத்துலயா போகுது?”

“லோடு இல்ல.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. மரண வீடாக இல்லாவிட்டால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் உள்ளேயிருந்து ஜன்னத்து வந்து என் கையைப் பிடித்தாள். “அம்மா ஒங்கள உள்ள கூப்புடுறாக.”

சபுரா பீவி, ராவுத்தரின் மனைவி, சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம். வெளியே பேசியது எல்லாம் கேட்டிருக்கிறது. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“மாப்ள போய் வந்த மனுசன். நீ பூத்துக்குள்ள உக்காந்திருக்கவ. அவுக வர முடியாதுங்கறாக, நீ வந்துருவான்ங்கற. எம் மகனுக்காக இவுகள இந்த வெயில்ல வச்சிருந்து, அவன் ராத்திரி வந்து நின்னா அது பாவம். எடுத்துக் குடுத்த பெறகு அவன் சாயங்காலமே வந்து நின்னா, அவன் மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்? சொல்லு சரசு. ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா?”

அதுவரைக்கும் எனக்கு எல்லாம் நிச்சயமாகத்தான் தெரிந்தது. அந்தம்மா அப்படிக் கேட்ட நிமிஷத்தில் அந்த நிச்சயம் போய்விட்டது. என்னிடம் இருந்தது என்ன? யாரோ சொன்ன மணிகள், ஒரு புத்தகத்தின் ஒற்றைப் பக்கம், ஹபீப்பின் கைக்கடிகாரம். வேடிக்கைக்குப் போட்ட கணக்கு அது. தப்பாக இருந்தால் நான் தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன், அவ்வளவுதான். இப்போது ஒரு மனுஷனின் உடம்பு அதன்மேல் காத்துக் கிடக்கப் போகிறது.

“தெரியும்மா” என்றேன்.

சபுரா பீவி மகளைக் கூப்பிட்டார். “மக்ரிபுக்கு முந்தி வரைக்கும் வச்சிருக்கணும்னு நான் சொன்னேன்னு வெளிய சொல்லு.”

ஹஜ்ரத் ஒத்துக்கொண்டார். முஸாஃபர் மட்டும் எழுந்து நின்று, “ஏழரைக்கு வந்து நிக்கும்போது யாரு பதில் சொல்றதுன்னு பாப்போம்” என்றார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குத்தான் சொன்னார்.

பூத்துக்கு வந்ததும் திருவனந்தபுரம் ஏர்போர்ட் நம்பரைத் தேடினேன். விசாரணைக்குப் போட்டு நம்பர் வாங்கவே ஒன்பதரை ஆகிவிட்டது. அப்புறம் அந்த நம்பருக்குப் போட்டால், இந்தத் தடத்தில் எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அவள் குரல்வளையைப் பிடிக்கலாம் போல இருந்தது. விரல் வலிக்கிற வரைக்கும் அழுத்தினேன். பேச வந்தவர்களை எல்லாம் சாயங்காலம் வரச்சொல்லி அனுப்பினேன். சுப்புராஜ் சோடா உடைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் போனார்.

பதினொன்று பத்துக்கு லைன் கிடைத்து, யாரோ எடுத்தார்கள். மலையாளம். எனக்குத் தெரிந்த தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசினேன். அந்த ஆள் “துபாய் பிளைட்டோ?” என்று கேட்டுவிட்டு யாரிடமோ விசாரித்தார். பத்து இருபதுக்கே இறங்கிவிட்டது, பயணிகள் எல்லாம் வெளியே போயாயிற்று என்றார்.

“எந்த மணிக்குப் பத்து இருபது? ஒங்க மணிக்கா, துபாய் மணிக்கா?”

“ஹே?” என்றார் அந்த ஆள். பின்னே என்ன சொல்வார், பாவம். துபாய் மணியில் பத்து இருபது இன்னும் வரவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுபடி ஓடினேன். பந்தலில் எல்லார் முன்னாலும், “பத்து இருவதுக்கே எறங்கிருச்சு. ஏர்போர்ட்டுலயே சொல்லிட்டாக” என்றேன். சொல்லும்போது நான் பார்த்தது முஸாஃபரின் முகத்தைத்தான். “பத்து இருவதா?” என்று மெதுவாகக் கேட்டார். “நம்ம மணிக்கா?” என்றார். “ஆமா, நம்ம மணிக்கு” என்றேன். அவர் எழுந்து, வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் போய்த் தனியாக உட்கார்ந்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஏரோப்பிளேனைக் கிட்டத்தில் பார்க்காதவள் சொன்னதுதான் கடைசியில் சரி. சாவு வீட்டில் நிற்கிறோம் என்பதே மறந்துபோய், அவர் முகம் தொங்கியதை இரண்டு தடவை திரும்பிப் பார்த்து ரசித்தேன். மறைப்பானேன்.

அதற்குப் பிறகு ரோடுதான் மிச்சம். ஐஸ் கட்டி வந்தது, உருகியது, இன்னொரு தடவை வந்தது. லொஹர் முடிந்தது. மூன்று மணிக்கெல்லாம் நான் பூத்துக்கு வெளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டு பந்தல்குடிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கார் எது வந்தாலும் எழுந்து நின்றேன். ஆறு மணி என்று நான் சொன்னது. ஆறு ஆகவே கூடாது என்றும், சீக்கிரம் ஆறாகிவிட வேண்டும் என்றும் மாறி மாறி நினைத்தேன்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே ஒரு அம்பாசடர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து ராவுத்தர் வீட்டுத் தெருவுக்குத் திரும்பியது. மேலே கேரியரில் பெட்டி இல்லை, கயிறு இல்லை. அதனால் நான் அதை வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஹபீப் உடுத்திய சட்டையோடு வந்திருந்தான். கையில் பாஸ்போர்ட் மட்டும். பெட்டியே இல்லாதவனை கஸ்டம்ஸில் யார் நிறுத்துவார்கள், பத்தே நிமிஷத்தில் வெளியே வந்து, வழியில் தண்ணீருக்குக்கூட இறங்காமல் வந்திருக்கிறான். என் கணக்கில் அது இல்லை. துபாயிலிருந்து வெறுங்கையோடு வந்து இறங்கிய ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் போகும்போது அவன் உள்ளே அத்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, நெற்றியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தான். சபுரா பீவி அவன் முதுகைத் தடவிக்கொண்டே, “பாத்துக்கய்யா, நல்லாப் பாத்துக்க. ஒனக்காகத்தான் இருந்தாக” என்றார். நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். ராவுத்தருக்காக அழுதேனா, கணக்கு தப்பாமல் போனதற்காக அழுதேனா, சொல்லத் தெரியவில்லை. பொழுது இறங்குவதற்குள் அடக்கம் முடிந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம். சுப்புராஜ் சாப்பிடப் போயிருந்தார். ரோட்டில் ஈ காக்கை இல்லை. முஸாஃபர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். போன் பேச வந்த மாதிரி தெரியவில்லை. ஒத்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பெரிய மனசு பண்ணிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன்.

“அக்கா, ஒரு கணக்குக் கேக்கணும்” என்றார்.

“கேளுங்க தம்பி.”

“எங்கம்மா தொண்ணூறுல மௌத்தானாக. ஐப்பசி மாசம். மல்லாங்கிணறுலதான். எனக்கு ராத்திரி தகவல் வந்துச்சு. விடிஞ்சா இதே அஞ்சு மணி பிளைட்டு. டிக்கெட்டு கையில வாங்கிட்டேன்க்கா. ரூம்ல உக்காந்து கணக்குப் போட்டேன். எப்பிடிப் போட்டாலும் ராத்திரி ஏழு மணி. எனக்காக அவுகள ஏன் போட்டு வைக்கணும், லொஹருக்கே அடக்கிருங்கன்னு நாந்தான் போன்ல சொன்னேன். டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துட்டு வேலைக்குப் போயிட்டேன்.”

அவர் கை பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நான் வந்திருக்கலாமாக்கா?”

கேட்டு முடிப்பதற்குள்ளேயே என் தலைக்குள் கணக்கு தானாக ஓடி முடிந்துவிட்டது. இந்தப் பாழாய்ப்போன தலை. பத்தரைக்கு இறங்கியிருப்பார். மல்லாங்கிணற்றுக்கு விருதுநகர் வழியாக இன்னும் அரை மணி குறையும். கஸ்டம்ஸில் ஒரு மணி நேரம் போனாலும் ஐந்தரைக்கு வீட்டில் இருந்திருப்பார். ஐப்பசியில் ஆறு மணிக்குப் பொழுது அடையும். அரை மணி நேரம் மிச்சம். நன்றாக முகம் பார்த்திருக்கலாம்.

அன்று காலையில் அவர் ஏன் அப்படி விடாப்பிடியாக நின்றார், பத்து இருபது என்றதும் ஏன் வேப்பமரத்தடிக்குப் போனார் என்பதெல்லாம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அந்த முகத்தைப் பார்த்து ரசித்திருக்கிறேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

விமானத்தின் நேரத்தை இனி நான் தொட முடியாது. ஊரறிய நிரூபித்தவளே நான். ரோடு ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

“தொண்ணூறு ஐப்பசியா?” என்றேன்.

“ஆமாக்கா.”

“முடியாது தம்பி. வந்திருக்கவே முடியாது. அந்த ஐப்பசில மழைன்னா மழை, அப்பிடி ஒரு மழை. நம்ம பக்கம் ரோட்டுல தண்ணி ஏறி பஸ்ஸு காரு எல்லாம் நின்னு நின்னு வந்துச்சு. பத்து மணி நேரம் ஆகியிருக்கும். ராத்திரி ஒம்பதரைக்கு முந்தி நீங்க வந்திருக்க மாட்டீக. அன்னைக்கு நீங்க செஞ்சதுதான் சரி.”

“நெசமாவாக்கா?”

“நெசமா.”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. நான் பில் மெஷினைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு எழுந்து, “வாரேங்க்கா” என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார். வந்தபோது இருந்ததை விட நடை கொஞ்சம் லேசாக இருந்தது.

தொண்ணூறாம் வருஷம் ஐப்பசியில் எங்கள் பக்கம் ஒரு சொட்டு மழை கிடையாது. பருத்தி முளைத்த இடத்திலேயே கருகியது. கரிசல்காட்டில் யாரைக் கேட்டாலும், சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். முஸாஃபர் அந்த வருஷம் ஊரில் இல்லை. அவர் லீவு முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் அவர் யாரிடமும் மழையைப் பற்றிக் கேட்டுவிடக் கூடாதே என்று எனக்குப் பயமாக இருந்தது.